பதினாறாம் நகர்த்தலுக்கு உரை

முதலில் சதுரங்கப் பலகையில் உள்ள நிலையைப் பார்த்துவிடுவோம். வெள்ளை ராஜா சி1-ல் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும்), யானை டி1-ல், ராணி பி3-ல், பிஷப் ஜி5-ல் இருக்கின்றன. கறுப்பு ராஜா இன்னும் இ8-லேயே நிற்கிறது. ராணி இ6-ல், குதிரை டி7-ல். எஃப்8-ல் இருக்கும் பிஷப்பும் எச்8-ல் இருக்கும் யானையும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையவே இல்லை. எஃப்7, ஜி7, எச்7, இ5, ஏ7 ஆகிய ஐந்து கட்டங்களில் கறுப்புச் சிப்பாய்கள். வெள்ளையின் முறை. 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கின் ஒரு பெட்டியில் உட்கார்ந்து அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் இது. எதிரே பிரன்ஸ்விக் டியூக் கார்லும் கவுன்ட் இசுவாரும் சேர்ந்து யோசித்து ஆடினார்கள். மார்ஃபி ராணியை பி8-க்கு நகர்த்தி செக் சொன்னார். அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இதே நிலையை ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஓர் இன்ஜினிடம், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரலிடம் கொடுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் ‘இரண்டில் மேட்’ என்று காட்டும். அதில் பிழை இல்லை. ஆனால் ராணியை ஏன் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று குழம்பி நிற்கும் புதியவருக்கு அந்த இரண்டு சொற்களால் எந்தப் பயனும் இல்லை. இதே நகர்த்தலை ஒரு பெரிய மொழி மாதிரியிடம், அதாவது ஏராளமான எழுத்துகளைப் படித்து வாக்கியம் எழுதக் கற்ற நிரலிடம் கொடுத்தால், ‘சதுரங்க வரலாற்றின் மிக அழகான ராணித் தியாகம்’ என்ற ரீதியில் ஒரு பத்தி வரும். வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகும். குழம்பி நின்றவர் குழம்பியபடியே நிற்பார். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று நாம் சொல்வது இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆட்டத்துக்கு உரை எழுதும் இயந்திரம் கிடைத்துவிடும் என்றுதான் எளிதில் தோன்றும். ஏன் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை என்பதை இந்த ஒரே ஆட்டத்தை வைத்துப் பார்க்கலாம். நான் ‘உரை’ என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். பதவுரை வேறு, பொழிப்புரை வேறு, விசேடவுரை வேறு என்று பிரித்துப் பழகிய மொழியில் எழுதுகிறோம். அந்தப் பிரிவு இங்கே கைகொடுக்கும்.

சொல்லைத் துறந்த காலம்

உரை எழுதும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், சதுரங்க உலகம் ஒருகாலத்தில் சொற்களையே வேண்டாம் என்று தள்ளியதை நினைவுகூர வேண்டும். 1966-ல் பெல்கிரேடிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘இன்ஃபர்மேட்டர்’ தொகுதிகள் ஆட்டக் குறிப்புகளை முழுக்க முழுக்கக் குறியீடுகளாலேயே எழுதின. ஆச்சரியக்குறி ஒன்று என்றால் நல்ல நகர்த்தல், இரண்டு என்றால் அபாரம். கேள்விக்குறி இரண்டு என்றால் பெருந்தவறு. எந்த மொழிக்காரரும் படிக்கலாம் என்பதே நோக்கம், அது நிறைவேறவும் செய்தது. ஆனால் யார் படிக்க முடிந்தது என்றால், ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான். ‘!!’ என்ற குறியைப் பார்த்ததும் அதன் காரணத்தைத் தானே தேடிக் கண்டுபிடிப்பவருக்கு உரை தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவருக்கு அந்தக் குறி வெறும் கைதட்டல்.

இன்று இணையத்தில் ஆட்டத்தை ஏற்றினால் கிடைக்கும் தானியங்கி அலசலும் பெரும்பாலும் இந்தக் குறியீட்டின் பேரப்பிள்ளைதான். லீச்செஸ் தளம் இதை எப்படிச் செய்கிறது என்பது வெளிப்படையாகவே இருக்கிறது: இன்ஜின் தரும் மதிப்பெண்ணை ஒரு வளைகோட்டுச் சூத்திரத்தால் வெற்றி வாய்ப்பாக மாற்றி, ஒரு நகர்த்தலால் அந்த வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்று பார்த்து முத்திரை குத்துகிறது. இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. எட்டு சிப்பாய் மதிப்பு முன்னிலையில் இருப்பவர் அதை ஐந்தாகக் குறைத்துக்கொண்டால், அந்தச் சூத்திரப்படி வாய்ப்பு ஏறத்தாழ 95 சதவீதத்திலிருந்து 86-க்கு இறங்குகிறது. ஒரு சிப்பாய் முன்னிலையில் இருப்பவர் இரண்டு சிப்பாய் பின்தங்கினால் 59-லிருந்து 32-க்கு விழுகிறது. இழந்தது இரண்டிலும் மூன்று சிப்பாய்தான். முதலாவதை மனிதர்கள் பொருட்படுத்த மாட்டார்கள், இரண்டாவதற்குத் தலையில் கைவைப்பார்கள். சூத்திரம் அதைச் சரியாகப் பிடிக்கிறது. எங்கே பேச வேண்டும் என்பது இதனால் தெரியும். என்ன பேச வேண்டும் என்பது தெரியாது.

இன்ஜின் தன் நாக்கை இழந்த கதை

‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை சொல்ல ஒருகாலத்தில் இன்ஜின்களிடம் கொஞ்சம் சொற்கள் இருந்தன. ஸ்டாக்ஃபிஷின் பழைய மதிப்பீட்டு முறையில் ஒவ்வொரு கூறுக்கும் மனிதர் வைத்த பெயர் உண்டு. காய்களின் நடமாட்டம், ராஜாவின் பாதுகாப்பு, மிரட்டல்கள், தடையின்றி முன்னேறும் சிப்பாய், கைவசமுள்ள இடம் என்று ஓர் அட்டவணையே வரும். ‘வெள்ளைக்கு முன்னிலை, அதில் பெரும்பகுதி ராஜாவின் பாதுகாப்பால்’ என்று அதைப் பார்த்தே ஒரு வாக்கியம் கட்டலாம். அழகான வாக்கியமாக இருக்காது, ஆனால் காரணம் ஒன்று கையில் இருக்கும்.

2020 செப்டம்பரில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 12-ல், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு உருவாக்கிய சிறிய நரம்பு வலைப்பின்னல் முறை மதிப்பீட்டுக்குள் நுழைந்தது. இன்ஜின் ஒரே தாவலில் வலுவடைந்தது. 2023-ல் பழைய மதிப்பீட்டு நிரலையே நீக்கிவிட்டார்கள். வலைப்பின்னலும் ஓர் எண்ணைத்தான் தருகிறது, ஆனால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெயரிடப்பட்ட கூறு எதுவும் கிடையாது. எடைகள் மட்டுமே இருக்கும். ஆட்டம் வலுக்க வலுக்கப் பேச்சு குறைந்தது. நரம்பு வலைப்பின்னலால் உரை எழுதுவது பற்றிப் பேசும்போது, உரைக்கான மூலப்பொருளைக் காணாமல் அடித்ததும் ஒரு நரம்பு வலைப்பின்னல்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பழைய முறையிலும் எல்லாம் சுலபமாக இருக்கவில்லை. ‘மோசமான பிஷப்’ என்று ஆட்டக்காரர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். தன் சிப்பாய்களே தன் நிறக் கட்டங்களில் நின்று வழியை மறிப்பதால் முடங்கிப்போன பிஷப் என்று பொருள். 2008-ல் ஸ்லோவீனியாவின் இவான் பிராட்கோவும் குழுவினரும் இந்த ஒரு கருத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய்களை எண்ணினால் போதும் என்று நினைத்தால் அது தவறிவிடும். எந்தச் சிப்பாய், எந்தக் கட்டத்தில், அது நகரக்கூடியதா என்பதெல்லாம் சேர்ந்துதான் பிஷப் மோசமாகிறது. இயந்திரம் தடுமாறிய நிலைகளை வல்லுநர்களிடம் காட்டி, ‘இது ஏன் மோசம்?’ என்று காரணம் கேட்டு, அந்தக் காரணத்தைத் திரும்ப ஊட்டி விதியைச் செம்மைப்படுத்தினார்கள். இரண்டு சொல் அளவுள்ள கருத்து ஒன்றுக்கு இவ்வளவு உழைப்பு. ஆட்டக்காரரின் அகராதியில் இப்படி எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.

உதாரணங்களிலிருந்து கற்றபோது

விதிகளை ஒவ்வொன்றாக எழுதுவதைவிட, மனிதர்கள் எழுதிய குறிப்புகளையே கொட்டிக் கற்க வைத்தால் என்ன? 2018-ல் ஹர்ஷ் ஜம்தானி முதலான ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். சுமார் 11,000 ஆட்டங்களிலிருந்து சுமார் 2,98,000 நகர்த்தல்–குறிப்பு ஜோடிகளைத் திரட்டினார்கள். அந்தத் தரவை வகைபிரித்ததுதான் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. நகர்த்தலை அப்படியே வருணிப்பது, அதன் தரத்தைச் சொல்வது, வேறொன்றோடு ஒப்பிடுவது, திட்டத்தையோ காரணத்தையோ விளக்குவது, ஆட்டத்தின் மொத்தச் சூழலைச் சொல்வது, பொதுவான செய்திகள் என்று ஆறு வகை. முதல் வகை நம் பதவுரை. ‘குதிரை சி3-க்கு வந்தது’ என்பதை எந்த நிரலும் எழுதிவிடும். நான்காவது வகைதான் விசேடவுரை. அங்கேதான் எல்லாரும் இடறுகிறார்கள்.

2019-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எழுதும் வலைப்பின்னலோடு ஆடத் தெரிந்த வலைப்பின்னலையும் சேர்த்துப் பயிற்றுவித்தார்கள். 2022-ல் வேறொரு குழு மொழி மாதிரியையும் இன்ஜினையும் இணைத்தது. திசை ஒன்றுதான்: பேசுபவன் பக்கத்தில் பார்ப்பவனை உட்காரவைப்பது.

இந்த ஆய்வுகளில் மதிப்பெண் போடும் விதம் மட்டும் எனக்கு நெருடலாகவே இருந்து வருகிறது. மொழிபெயர்ப்பை அளக்க 2002-ல் வந்த ‘புளூ’ முறை, இயந்திரம் எழுதிய வாக்கியமும் மனிதர் எழுதிய வாக்கியமும் எத்தனை சொற்களைப் பகிர்கின்றன என்று எண்ணுகிறது. ‘கறுப்புக் குதிரை கட்டுண்டிருக்கிறது’ என்பது மனிதர் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ‘கறுப்புக் குதிரை கட்டுண்டிருக்கவில்லை’ என்று எழுதினால் மூன்றில் இரண்டு சொல் பொருந்திவிடும். ‘அசைந்தால் ராணி வெட்டுப்படும்’ என்று முழு உண்மையை வேறு சொற்களில் எழுதினால் ஒன்றும் பொருந்தாது. பொய்க்குப் பாதிக்கு மேல், மெய்க்குச் சுழியம். தனி ஆய்வுக்கு மனித நடுவர்களை வைத்து இதைச் சரிக்கட்டலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவரைத் தேட முடியாது.

ஒரு சிப்பாயை நகர்த்திப் பாருங்கள்

இந்த ஓபரா ஆட்டத்தைக் கொடுத்து ஒரு மொழி மாதிரியைச் சோதிப்பது, வெளியான வினாத்தாளை வைத்துத் தேர்வு நடத்துவது போன்றது. நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்து மொழிகளிலெல்லாம் இந்தப் பதினேழு நகர்த்தல்களுக்கு உரை எழுதப்பட்டிருக்கிறது. பலகையைப் பாராமலே ஒப்பிக்கலாம். ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்வோம். தொடக்கத்தில் சொன்ன அதே நிலையில், கறுப்பின் எஃப்7 சிப்பாயை மட்டும் ஒரு கட்டம் முன்னே தள்ளி எஃப்6-ல் வையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இப்போது ராணி பி8-க்குப் போனால் என்ன ஆகும்? கறுப்புக் குதிரை அதை வெட்டும். வெள்ளை யானை டி8-க்கு வந்து செக் சொல்லும். மூல ஆட்டத்தில் அந்த யானைக்கு ஜி5 பிஷப்பின் காவல் இருந்தது. எஃப்6, இ7 வழியாக அதன் பார்வை டி8 வரை எட்டியது. இப்போது எஃப்6-ல் சிப்பாய் நந்தி மாதிரி மறித்து நிற்கிறது. கறுப்பு ராஜா யானையை நிம்மதியாக வெட்டிவிடும். ராணியும் போய் யானையும் போய், மிஞ்சிய பிஷப்பும் அந்தச் சிப்பாயின் வாயில் இருக்கும். வரலாற்றின் புகழ்பெற்ற தியாகம் படுதோல்வியாகிவிட்டது.

அதைவிட வேடிக்கை, மாற்றிய நிலையில் கறுப்பு ராணிக்குக் காவலே இல்லை. எஃப்7 சிப்பாய்தான் இ6-ஐக் காத்துக்கொண்டிருந்தது. பி3-லிருந்து வெள்ளை ராணி நேராகப் போய், செக்கோடு, கறுப்பு ராணியைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். ஆட்டம் கற்று ஒரு மாதமான சிறுவனும் அதைப் பார்த்துவிடுவான். மனப்பாடத்திலிருந்து எழுதும் இயந்திரம் இந்த நிலைக்கும் ‘அற்புதத் தியாகம்’ என்று எழுதும். பலகையைப் பார்த்து எழுதும் இயந்திரம் ‘ராணியை வெட்டு’ என்று எழுதும். எந்த இயந்திரம் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க இந்த ஒரு சிப்பாய் போதும். செலவில்லாத சோதனை, யாரும் செய்து பார்க்கலாம்.

இணைப்பு எங்கே பிய்கிறது

சரி, இன்ஜினையும் மொழி மாதிரியையும் ஒழுங்காக இணைத்துவிட்டோம் என்றே கொள்வோம். ஒவ்வொரு நிலைக்கும் இன்ஜின் சிறந்த நான்கைந்து நகர்த்தல்களையும் அவற்றின் தொடர்ச்சியையும் தருகிறது. நிரல் ஒன்று பலகையிலிருந்து உறுதியான செய்திகளை எடுக்கிறது: எது எதைத் தாக்குகிறது, எது கட்டுண்டு கிடக்கிறது, எதற்குக் காவல் இல்லை. மொழி மாதிரி இவற்றை வாங்கி வாக்கியமாக்குகிறது. கடைசியில் ஒரு சரிபார்ப்பு நிரல் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பிரித்து, அதில் சொன்னதெல்லாம் உண்மையா என்று பார்க்கிறது. கட்டமைப்பு இவ்வளவுதான்.

சரிபார்ப்புதான் இதில் உயிர்நாடி. மாதிரி எழுதும் கூற்றுகள் மூன்று விதமாக இருக்கும். முதலாவது பலகையைப் பற்றியது. ‘ஜி5 பிஷப் எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது’ என்று எழுதினால், ஜி5 கருங்கட்டம், எஃப்7 வெண்கட்டம், அந்த பிஷப் அந்தக் கட்டத்தை ஆயுளுக்கும் தொட முடியாது என்று விதிகளை வைத்தே ஒரு நொடியில் அடித்துவிடலாம். இரண்டாவது வரப்போவதைப் பற்றியது. ‘இதை வெட்டினால் மூன்று நகர்த்தலில் யானை போய்விடும்’ என்றால் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாவது மனதைப் பற்றியது. ‘மார்ஃபி இங்கே பொருளைவிடத் தாக்குதலையே விரும்பினார்.’ இதை எதை வைத்துச் சரிபார்ப்பது? எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. இயந்திர உரையில் வரும் பொய்களில் மிகச் சொகுசானவை இந்த மூன்றாம் வகையில்தான் குடியிருக்கின்றன. கேட்கவும் இனிமையாக இருக்கும். மனதைப் பற்றிய கூற்றுகளைப் பலகையைப் பற்றியதாக மாற்றி எழுதச் சொல்வதே என் தேர்வு. ‘மார்ஃபி தாக்குதலை விரும்பினார்’ என்பதற்குப் பதில், ‘இந்த நகர்த்தலால் ராணிகள் இரண்டும் பலகையில் தங்குகின்றன.’ கொஞ்சம் வறட்சிதான். ஆனால் அது உண்மை, வாசகர் மீதியைத் தானே ஊகித்துக்கொள்வார்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. பலகையில் எந்த நேரத்திலும் நூற்றுக்கணக்கான உண்மைகள் கிடக்கின்றன. ‘ஏ2 சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது’ என்பதும் உண்மைதான், யாருக்கு வேண்டும்? உரையின் உறுப்புகளில் வினாவையும் விடையையும் சேர்த்தே நம் பழைய இலக்கணம் எண்ணுகிறது. படிப்பவர் மனதில் எழும் கேள்வியை உரையாசிரியரே எழுப்பி அவரே விடை சொல்ல வேண்டும். சதுரங்கத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் ஆடாத நகர்த்தலைப் பற்றியதாகவே இருக்கும்: ‘அதை ஏன் வெட்டவில்லை?’ இன்ஜினுக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. மோசமான நகர்த்தலை அது ஒதுக்கிவிட்டுப் போய்விடும். மனிதருக்கு எது கவர்ச்சியாகத் தெரியும் என்று அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு வலைப்பின்னல் உதவக்கூடும். 2020-ல் வெளிவந்த ‘மையா’ சிறந்த நகர்த்தலைத் தேடுவதில்லை, மனிதர் என்ன நகர்த்துவார் என்று கணிக்கிறது. தரப்புள்ளி 1100 முதல் 1900 வரை படிப்படியாக ஒன்பது மாதிரிகள், ஒவ்வொன்றும் அந்தந்தத் தரத்து ஆட்டக்காரர்களின் ஆட்டங்களிலிருந்து கற்றவை. மையா ‘இந்தத் தரத்தில் பலர் இதைத்தான் ஆடுவார்கள்’ என்று காட்டும் நகர்த்தலும் இன்ஜின் ‘இதைத் தொடாதே’ என்று சொல்லும் நகர்த்தலும் ஒன்றாக இருந்தால், அதுதான் பேச வேண்டிய இடம். வாசகருக்கு எழப்போகும் வினா கிடைத்துவிட்டது. வாசகர் மாறினால் உரையும் மாறும் என்பதும் தானாக நடந்துவிடும். என் பார்வையில் இந்தத் துறையில் இதுவரை வந்த யோசனைகளில் உரை எழுதுவதற்கு மிக அருகில் நிற்பது, உரைக்காகவே உருவாக்கப்படாத இந்த மையாதான்.

சிங்கப்பூரில் ஒரு மூலை

இதை உலகப் பட்டப் போட்டியிலேயே பார்க்கலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிங் சமன் செய்துவிடக்கூடிய நிலை. 55-வது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். இன்ஜின் பார்த்தவர்கள் எல்லாரும் அடுத்த நொடியே மதிப்பெண் பட்டை சரிவதைக் கண்டார்கள். ‘பெருந்தவறு’ என்ற முத்திரை எல்லாத் திரையிலும் விழுந்தது. ஏன் என்று பட்டை சொல்லவில்லை.

காரணம் ஒரு மூலையில் இருந்தது. வெள்ளை பிஷப் ஏ8-ல் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு சாய்வுப் பாதைதான் உண்டு. யானைகள் வெட்டிக்கொண்டதும் கறுப்பு தன் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து அந்தப் பாதையின் குறுக்கே நிறுத்தியது. பி7-க்குப் போனாலும் சி6-க்குப் போனாலும் வெட்டுப்படும், நின்றாலும் வெட்டுப்படும். ஆக மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. பிஷப்புகளும் போனபின் எஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் அந்த ஒரு சிப்பாய் அதிகம் என்பதே வெற்றிக்குப் போதும். பிஷப் நடுப்பலகையில் எங்காவது நின்றிருந்தால் அதற்குத் திரும்ப இன்னொரு சாய்வு இருந்திருக்கும். பலகையைப் பற்றிய கூற்று ஒன்று, தொடர்ச்சியைப் பற்றிய கூற்று ஒன்று, இரண்டும் சரிபார்க்கத்தக்கவை. டிங் என்ன நினைத்தார் என்று ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. ‘மூலை’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. மதிப்பெண் எவ்வளவு சரிந்தாலும் அதிலிருந்து அந்தச் சொல் உதிராது.

குகேஷ் பெயர் வேறொரு இடத்திலும் இந்தக் கதைக்குள் வருகிறது. தன்னோடு தானே ஆடிக் கற்ற நிரலான ஆல்ஃபாசீரோவின் வலைப்பின்னலுக்குள் மனிதர் அறிந்த கருத்துகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று 2022-ல் ஓர் ஆய்வு துருவியது. முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் அதில் பங்கேற்றார். அடுத்த ஆண்டு எதிர்த்திசையில் போனார்கள்: இயந்திரத்துக்குத் தெரிந்து மனிதருக்கு இன்னும் பெயர் தெரியாத கருத்துகளைத் தேடினார்கள். அவற்றைக் கிராம்னிக், குகேஷ், ஹூ யிஃபான், மாக்சிம் வாஷியே-லக்ராவ் ஆகிய நால்வருக்கும் கற்பித்துப் பார்த்தார்கள். எப்படிக் கற்பித்தார்கள் என்பதுதான் என்னை நிறுத்திவைத்தது. விளக்கவுரை ஒரு வரிகூட இல்லை. நிலையைக் காட்டி, ஆல்ஃபாசீரோவின் நகர்த்தலைக் காட்டி, மறுபடி சோதித்தார்கள். நால்வரும் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். கிராண்ட்மாஸ்டருக்கு உதாரணம் போதும். நமக்கெல்லாம்தான் வாக்கியம் வேண்டும்.

தமிழில் எழுதும்போது

ஒரு சிறு விலகல். இதே இயந்திரத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் முதல் இடர் காய்களின் பெயரிலேயே வரும். ஒரே காய்க்கு யானை, கோட்டை என்று இரண்டு பெயர். இன்னொன்றுக்கு பிஷப், மந்திரி, அமைச்சர் என்று மூன்று. ஒரே பத்தியில் மாற்றி மாற்றி எழுதினால் பலகையில் இல்லாத காய்கள் முளைத்துவிடும். ‘கோட்டை கட்டிய பிறகு கோட்டை டி1-க்கு வந்தது’ என்று வந்தால் எந்தக் கோட்டை? ஆகவே சொல்லடைவு ஒன்றை முன்கூட்டியே பூட்டிவிட வேண்டும். மறுபக்கம், ‘வெட்டுக் கொடுப்பது’ என்ற நம் வழக்கு எனக்குப் பிடித்தது. தியாகம் என்ற சொல்லில் இருக்கும் நாடகம் அதில் இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது.

உரை

ஓபரா ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்த்து முப்பத்து மூன்று நகர்த்தல்கள். இன்ஜின் எல்லாவற்றுக்கும் எண் தரும், மொழி மாதிரி எல்லாவற்றுக்கும் பத்தி தரும். மேலே சொன்ன கட்டுப்பாடுகளை, அதாவது வினா எழும் இடத்தில் மட்டும் பேசு, சரிபார்க்க முடிந்ததை மட்டும் சொல் என்பவற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து இடத்தில் மட்டும் உரை எழுதினால் எப்படி இருக்கும்? கீழே இருப்பதை எந்த இயந்திரமும் எழுதவில்லை. இயந்திரத்திடம் நான் எதிர்பார்ப்பதைக் கையால் எழுதிப் பார்த்தது.

மூன்றாம் நகர்த்தல், கறுப்பு: பிஷப் ஜி4. குதிரையைக் கட்டிப்போடுவது போலத் தெரிகிறது. ஆனால் வெள்ளை இ5-ஐ வெட்டியதும் கறுப்பு திருப்பி வெட்ட முடியாது. வெட்டினால் டி வரிசையில் ராணிகள் மாறும், குதிரையின் கட்டு அவிழும், அது இ5 சிப்பாயை எடுத்துக்கொண்டு ஜி4, எஃப்7 இரண்டையும் சேர்த்துத் தாக்கும். எனவே பிஷப் முதலில் குதிரையை வெட்டித் தன்னையும் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

எட்டாம் நகர்த்தல், வெள்ளை: குதிரை சி3. பி7 சிப்பாய் சும்மா கிடக்கிறதே என்றால், ஆம், ராணி அதை வெட்டலாம். அப்போது கறுப்பு ராணி பி4-ல் செக் சொல்லும், ராணிகள் மாறும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். குதிரை வெளியே வந்ததால் ராணிகள் தங்குகின்றன.

பத்தாம் நகர்த்தல், வெள்ளை: குதிரை பி5-ஐ வெட்டுகிறது. சிப்பாய் பிஷப்பை விரட்ட வந்தது. பிஷப் பின்வாங்கவில்லை, குதிரை வெட்டுக் கொடுக்கப்படுகிறது. கறுப்புக்கு ஒரு வழி இருந்தது: ராணியால் பி4-ல் செக் சொல்லி ராணிகளை மாற்றி, ஒரு சிப்பாய் குறைவாகத் தொடர்ந்து ஆடலாம். குதிரையை வெட்டியதால் வெள்ளை பிஷப் பி5-ல் செக்கோடு வந்து அமர்கிறது.

பதின்மூன்றாம் நகர்த்தல், வெள்ளை: யானை டி7-ஐ வெட்டுகிறது. குதிரைக்கு யானையைக் கொடுப்பது நட்டக் கணக்கு. ஆனால் திருப்பி வெட்டும் கறுப்பு யானை அதே இடத்தில் ராஜாவின் முன்னால் கட்டுண்டுவிடும். அதைத் தாக்க வெள்ளையின் இரண்டாவது யானை டி1-க்கு வருகிறது. வெள்ளையிடம் இனி வெளியே வராத காய் இல்லை. கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் தொடங்கிய இடத்திலேயே இருக்கின்றன.

பதினாறாம் நகர்த்தல், வெள்ளை: ராணி பி8, செக். கறுப்புக்கு விதிப்படி ஒரே ஒரு நகர்த்தல்தான் உண்டு, குதிரையால் ராணியை வெட்டுவது. ராஜா இ7-க்குப் போக முடியாது, ஜி5 பிஷப் அதைப் பார்க்கிறது. குதிரை வெட்டப் போனதும் டி வரிசை திறக்கிறது.

பதினேழாம் நகர்த்தல், வெள்ளை: யானை டி8, மேட்.